கதவின் அடியில் இரண்டு விரல்

மினிபஸ் எஞ்சினுக்குள்ளிருந்து வெளியே இழுத்தபோது
கிரீஸ் பூசிய பழைய கையுறை என்றுதான்
குராம் நினைத்தாராம்.
கையுறை அவர் கட்டைவிரலைக் கடித்தது.
ஸுக்திதியிலிருந்து குத்தைஸி வரை
சட்டைக்குள் வைத்தே ஓட்டி வந்திருக்கிறார்.
"பயணிகள் ஒன்றும் சொல்லவில்லையா?"
"அதற்கு டிக்கெட் உண்டா என்று கேட்டார்கள்."

வீட்டில் ஏற்கெனவே பக்ராத் இருக்கிறார்.
வயது பதின்மூன்று.
இடது காதில் கால்வாசி இல்லை.
ஃபிரிட்ஜின் உச்சியில் வாசம்.
ராஜா பெயரை வைத்தது என் பிழை,
அவர் அதை நம்பிவிட்டார்.
இங்கே 'அவர்' என்றால் யார் என்பதில்
குராமுக்கே இன்னும் குழப்பம்.

குட்டிக்குக் குளியலறையைக் கொடுத்தோம்.
பதினைந்து நாள் முகம் பார்க்க வேண்டாம்,
முதலில் மூக்குகள் பேசட்டும் என்றாள்
மருத்துவர் லமாரா.
ஒரு ஜோடி காலுறை எடுத்தேன்.
ஒன்றால் அவள் கன்னம், மற்றதால் அவர் கன்னம்
துடைத்து, இடம் மாற்றி வைத்தேன்.
பக்ராத் குனிந்தார்.
வாயைப் பாதி திறந்து
கடன் பத்திரம் படிப்பவர் போல முகர்ந்தார்.
பிறகு அதன்மேல்,
கொஞ்சமும் குறி தவறாமல்,
வாந்தி எடுத்தார்.

கதவுக்கு இப்பக்கம் ஒரு கிண்ணம், அப்பக்கம் ஒன்று.
தினமும் நாலு விரல் நெருக்கி வைத்தேன்.
ஐந்தாம் நாள் இரவு, அடி இடுக்கின் வழியே
ஒரு பாதம் வெளியே வந்தது.
காற்றில் சாவி தேடுவதுபோலத் துழாவியது.
பக்ராத் சாப்பிடுவதை நிறுத்தினார்.
பார்த்தார்.
பார்த்துக்கொண்டே இருந்தார்.
அடித்தார், நகம் நீட்டாமல்.
இதைச் சொன்னதும் குராம்
பீன்ஸ் கிண்டிய கரண்டியோடு நின்று
"நகம் நீட்டாமலா?
நகம் நீட்டாமலா?" என்றார்.

ஒன்பதாம் நாள் மழை பனியாகி
தெருவில் கேஸ் நின்றது.
குளியலறையில் என் மூச்சு எனக்கே தெரிந்தது.
சூடு இருந்த ஒரே இடம் சமையலறை விறகடுப்பு.
லமாரா போனை எடுக்கவில்லை.
கதவைத் திறந்தேன்.

சீறினார். முதுகு வில்லாய் வளைந்தது,
வால் பாட்டில் கழுவும் பிரஷ் ஆனது.
சீறல் என்றால் என்ன என்று
அவளுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.
நேரே போய் அந்த வாலைப் பிடித்தாள்.
ஒரே அறை. விறகுக்கூடைக்குள் உருண்டாள்.
எழுந்தாள். மறுபடி போனாள்.
எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை,
கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் பக்ராத்
அடுப்படியையே விட்டுக்கொடுத்துவிட்டு
இருட்டில் ஃபிரிட்ஜ் மேல் ஏறினார்.
அவள் கதகதப்பாக உட்கார்ந்து
அவரைப் பார்த்துக் கத்தினாள்,
இரண்டு மணி, மூன்று மணி.
"எஞ்சினிலேயே விட்டிருக்கலாம்" என்று
போர்வைக்குள்ளிருந்து குராம்.
அவர் அப்படிச் செய்பவரில்லை.

நாலு மணிக்கு 'தொப்' என்று ஒரு சத்தம்.
விளக்குப் போடாமல் எட்டிப் பார்த்தேன்.
ஒரு முன்னங்காலால் அவளை அழுத்திப் பிடித்து
காதுக்குப் பின்னால்,
ஒன்பது நாளாக எந்த சோப்புக்கும் போகாத
அந்த கிரீஸ் கறையை
நக்கிக்கொண்டிருந்தார்.
நடுவில் ஒரு அடி.
மறுபடி நக்கல்.

கேஸ் வந்துவிட்டது. கறை பாதி இருக்கிறது.
பெயர் பிஸ்டன் என்று முடிவாகிவிட்டது.
ஆனால் சாப்பாட்டு வேளையில் மட்டும்
அவள் தானாகக் குளியலறைக்குப் போய்விடுகிறாள்.
நான் கதவை மூடும்வரை
இருவரும் கிண்ணத்தைத் தொடுவதில்லை.
மூடியதும் இடுக்கில் பாதம் வருகிறது.
அவர் அடிக்கிறார்.
பிறகுதான் சாப்பாடு.