தட்டிப் பார்த்தல்

நாற்பத்தைந்து லட்சம் பெசோ.
மூன்று குளிர்காலம் விறகு விற்ற காசு
ரொட்டி மாவு வந்த காகிதப் பையில்
என் கோட்டுக்குள் வெதுவெதுப்பாக இருக்கிறது.

வண்டி முற்றத்தில் நிற்கிறது,
கழுவித் துடைத்து, கொஞ்சம் அதிகமாகவே.
வெள்ளை. பதினெட்டு வயது.
பின்தட்டில் ஓர் ஆட்டுப் புழுக்கைகூட இல்லை.
"நாலு சக்கரமும் இழுக்கும், எல்சிரா,
சொர்க்கத்துச் சுவரிலும் ஏறும்"
என்கிறார் டான் லிபோரியோ.
சொர்க்கம் எனக்கு வேண்டாம்.
பலகைப் பாலம் தாண்டி வரும் களிமண் ஏற்றம்,
ஜூன் மாதத்தில்,
ஒரு கன மீட்டர் ஈர விறகோடு.
அதில் ஏறினால் போதும்.

இப்போதுள்ள வேன் அங்கேதான்
போன ஆண்டு பின்னோக்கி வழுக்கி
வேலியில் போய் உட்கார்ந்தது.
பக்கத்துப் பண்ணை எருதுகள் இழுத்து மீட்டன.
அதற்குப் பிறகு அவற்றை
நேருக்கு நேர் பார்க்க முடியவில்லை.

மெக்கானிக் செகுந்தோ
தொலைபேசியில் சொன்னது இவ்வளவே:
"எஞ்சினை நம்பாதே, அது நடிக்கும்.
தரையில் படு. சட்டத்தைத் தட்டு."

படுத்தேன். உறைந்த சரளை முதுகில் குத்தியது.
அடியெல்லாம் கறுப்பு வண்ணம், வாசனைகூடப் போகவில்லை.
அடிவயிற்றுக்கு யார் அலங்காரம் செய்வார்கள்?
ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினேன்.
டிங். டிங். டிங்.
பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால்
தொப்.
இன்னொரு முறை.
தொப்.
முனையால் அழுத்தினேன்,
ஊறிய பிஸ்கட் போல உள்ளே போனது.

"கடல் பக்கம் போனதுண்டா?"
படுத்தபடியே கேட்டேன்.
"ஒருநாளும் இல்லை."
அவருடைய பூட்ஸ் மட்டும் தெரிந்தது.
அது அசையவில்லை.

ஓட்டிப் பார்த்தோம்.
குட்டி நெம்புகோல் முரண்டு பிடித்து
கடக்கென்று விழுந்தது.
மேய்ச்சல் நிலத்துச் சேற்றுச் சரிவில்
முன்சக்கரங்கள் மண்ணைப் பற்றிய கணம்
ஸ்டியரிங் வழியே என் கைக்கு வந்தது.
பொய் சொல்லக்கூடாது,
சிரித்துவிட்டேன்.

"இடது பின்பக்கம் பேரிங் அழுகிறது, கேட்கிறதா?
மாற்ற எண்பதாயிரம் ஆகும்" என்றார்,
நான் விசாரிக்காமலே.
எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.
திரும்பி வரும்போது, பத்தடி தூரத்தில்,
வாயிற்கதவு திறந்திருக்கிறதா என்று
அவர் என்னைக் கேட்டார்.
ஏன் விற்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது.

இருக்கைக்கு அடியில் மிதியடியைத் தூக்கினேன்.
மணல். ஒரு மட்டிச் சிப்பி.
சால்மன் பண்ணைத் தீவன உருண்டை நாலு.
அள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தேன்.
மோந்து பார்த்தார். நெடுநேரம் மோந்தார்.
"எலெயாசர்" என்றார்.
மகன். இரண்டு வருடம் வண்டியை வாங்கிப் போயிருந்தவன்.
"மலைப்பக்கம் வேலை என்றான்.
கறுப்பு அடித்துத் தந்ததும் அவன்தான்.
பரிசு மாதிரி."

ஓர்ஃபெலினா மாத்தே ஊற்றித் தந்தாள்.
உறிஞ்சும் சத்தம் தவிர வேறில்லை.
பற்றவைக்க ஆறு லட்சமாவது ஆகும்.
முப்பத்தெட்டு என்ற சொல்
என் நாக்கு நுனி வரை வந்து
வெந்நீரோடு திரும்பிப் போனது.
நாற்பத்தைந்தும் வாயில் வரவில்லை.

"நாளை சொல்கிறேன்."
"நாளை பனி" என்றார்.

பேருந்து கொயைக்கேவுக்கு இறங்குகிறது.
ஊர்மேல் விறகுப் புகை மூடி போட்டுக் கிடக்கிறது,
அதில் கொஞ்சம் நான் விற்றது.
கையுறைக்காகப் பைக்குள் துழாவினால்
சில்லென்று ஒரு சாவி.

திருப்பித் தர மறந்திருக்கிறேன்.
அவரும் கேட்கவில்லை.
இந்நேரம் மேசையெல்லாம் தடவித் தேடுகிறாரோ,
தெரிந்தேதான் விட்டாரோ.

கோட்டுக்குள் பணம், குறையாமல்.
கையில் அவருடைய வண்டி.
ஓட்டுநர் வைப்பரைப் போடுகிறார்.
கண்ணாடியில் இன்னும் ஒன்றும் விழவில்லை.