நான்கு நிமிடம்

திங்கள், காலை ஆறு மணி. சேந்த்-எத்தியென்.
பழைய சுரங்கத்தின் கழிவு மேடுகளுக்கு மேல்
இன்னும் இருட்டு.
டிராம் நிறுத்தத்தில் முக்கோணச் சாவியைத் திருகினால்
கண்ணாடிக் கதவு மேல்நோக்கித் திறக்கும்.
உள்ளேயிருக்கும் சென்ட் பாட்டிலை உருவிவிட்டு
வீட்டுக்கடனை மாட்டவேண்டும்.
அதுதான் என் வேலை.

கண்ணாடிமேல் மறுபடியும் பழுப்புத்தாள்.
மைதாப் பசை. நல்ல பசை, சொல்லத்தான் வேண்டும்.
எங்கள் கம்பெனிக்கு இப்படிக் காய்ச்ச வராது.

அவர்கள் இரவில் வருவதில்லை.
மாதத்தின் முதல் சனிக்கிழமை, பட்டப்பகலில்,
பெயர் எழுதிய அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டு
பெர்த்தீய், கொராந்தேன்,
பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் உட்காரும் யமீனா.
ஒட்டிவிட்டு ஓடமாட்டார்கள்.
போலீஸ் வரும்வரை ஃபிளாஸ்க்கில் சூப்.
தாளின் உச்சியில் ஒரே ஒரு வரி:
காத்திருக்கும் நேரமாவது எங்களுடையதாக இருக்கட்டும்.
மற்றதெல்லாம் வெற்றிடம்,
கயிற்றில் கட்டிய ஒரு பேனா.

அந்தப் பேனாதான் என் தலைவலி.
ஞாயிறு முழுக்க ஊர் எழுதியிருக்கும்.
பியானோ இலவசம், மூன்றாம் மாடி, நீங்களேதான் இறக்கவேண்டும்.
சாம்பல் பூனை, இடது காது கிழிந்தது, பார்த்தால் சொல்லுங்கள்.
ஏழு மணி டிராம் ஏன் எப்போதும் தாமதம்?
அதன் கீழே, வேறு கையெழுத்தில்:
ஓட்டுவது நான்தான். மன்னிக்கவும்.
ஐந்து கால் குதிரை ஒன்று.

கிழித்து, சுரண்டி, துடைத்து,
படமெடுத்து அலுவலகத்துக்கு அனுப்ப
நான்கு நிமிடம்.

போன மாதம் நீதிமன்றத்தில் அதைத்தான் கேட்டார்கள்.
சேதம் எவ்வளவு?
நான்கு நிமிடம் என்றேன்.
கம்பெனி வக்கீல் முறைத்தார்.
கண்ணாடி?
முன்பைவிடச் சுத்தம்.
நீதிபதி இருமினார், அல்லது சிரித்தார்.

வாசலில் பெர்த்தீய் நன்றி சொன்னாள்.
வேண்டாம், நீங்கள் ஜெயித்தால்
எனக்குச் சம்பளம் கிடையாது, தெரியுமா என்றேன்.
தெரியும் என்றாள்.
அதற்குமேல் அவளிடம் எதுவும் இல்லை.
ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்.
சொல்லாதது எனக்குப் பிடித்திருந்தது.

இன்று கிழிக்கவில்லை.
வெந்நீர் தெளித்து, ஊறவிட்டு,
ஓரத்திலிருந்து உரித்துச் சுருட்டினேன்.
பதினோரு நிமிடம். கணக்கில் எழுதமுடியாது.

பிறகு வீட்டுக்கடனை மாட்டினேன்:
அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரே அளவுப் பற்கள்.
டிராமுக்கு வந்து நின்ற பெண் ஒருத்தி
அந்தக் குடும்பத்தை மேலும் கீழும் பார்த்தாள்.
இங்கே ஒரு பூனை இருந்ததே, என்றாள்.

வண்டியின் பின்கதவைத் திறந்தேன்.