மேல்மாடிக்கு ஒரு படம்

சிமியோனின்ரை சோலைவரித் துண்டு
மாறி என்ரை கேற்றுக்கை கிடந்தது.
பார்த்தால், என்னிலும் நாலாயிரம் குறைவு.
அவருக்கு மாபிள், ரெண்டு ஏசி.
எனக்கு ஓடு, ஒழுக்கு.

மாநகரசபையிலை
தடிச்ச கொப்பியைப் புரட்டிப்போட்டு
அந்தப் பிள்ளை சொல்லுது:
"உங்கடை மாடி வீடெல்லோ."

மாடி தொண்ணூற்றைஞ்சிலை போச்சு, பிள்ளை.
வெளிப்படி மட்டும் நிக்குது.
பதினொரு படி,
பிறகு ஒண்டுமில்லை.
சாரம் காயப்போடுறது அதிலைதான்.

"இல்லையெண்டதுக்கு அத்தாட்சி வேணும்.
படமொண்டு எடுத்துக்கொண்டு வாங்கோ."

பின்னேரம் குருநகர் றோட்டிலை நிண்டு
ஓட்டுக்கு மேலை போனைப் பிடிச்சன்.
வெறும் வானம்.
மூலையிலை ஒரு காகம் வந்து விழுந்திட்டுது.
குடியிருப்பெண்டு அதையும் பதிஞ்சுபோடுவினம்.
கலைச்சுப்போட்டு
திரும்ப எடுத்தன்.