வெண்ணெய் என்றும் பொருள்

நீதிபதி அந்தச் சொல்லைச் சொன்னார்.
பிராட்.
தும்மல் போல வந்து விழுந்தது.
இனி என் முறை.
கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் குலேத் ஃபாரா,
வயது முப்பத்தொன்றோ முப்பத்து நான்கோ,
காதில் கருவியை அழுத்திப் பிடித்திருந்தான்.
சொன்னேன்: புர்அத் பதேத். கடல் கொள்ளையன்.
அவன் திரும்பி என் வாயைப் பார்த்தான்.

எங்கள் மொழியில் புர்அத் என்றால் கொள்ளைக்காரன்.
தோல்பையில் பாலைக் குலுக்கி எடுக்கிற
வெண்ணெயும் புர்அத்தான்.
பதினொரு வருடமாக ரோட்டர்டாம் கோர்ட்டில்
இதை யாரிடமும் சொன்னதில்லை.
மொழிபெயர்ப்பாளருக்குக் கூலி மணிக்கணக்கில்.
வியப்புக்குத் தனிக் கட்டணம் கிடையாது.

அவன் பேசினான், நான் டச்சில் பேசினேன்:
"கொள்ளை கொள்ளையாய் மீன் இருந்தது.
பிறகு இராத்திரியில் பெரிய கப்பல்கள் வந்தன.
எங்கள் வலைகளை இழுத்துக்கொண்டே போயின.
பெயர் எழுதிய இடத்தில் சாயம் பூசியிருந்தார்கள்.
அவர்களுக்கு உங்களிடம் என்ன சொல்?"
அரசு வக்கீல் எழுந்தார்.
கேள்வி வழக்குக்குத் தொடர்பில்லாதது.
தொடர்பில்லாதது என்பதற்குச் சட்டென்று சொல் வரவில்லை.
வேறு யாருடையதோ ஒட்டகம் என்றேன்.
அவனுக்குப் புரிந்தது.

நல்லவன் என்று சொல்ல வரவில்லை.
துப்பாக்கி வைத்திருந்தான்.
கப்பலின் சமையல்காரர், மனிலாக்காரர்,
நாற்பது நாள் எஞ்சின் அறையில் கிடந்தவர்,
இன்றும் கதவை மூடித் தூங்குவதில்லை.
அதுவும் கோப்பில் இருக்கிறது.
அதையும் வாசித்தேன், குரல் நடுங்காமல்.

மதிய இடைவேளையில்
ரொட்டிக்கு வெண்ணெய் தடவியபடி காவலர் வெஸ்ஸல் சொன்னார்:
"எங்க சித்தப்பாவும் பிராட்தான்."
ட்வெந்தெ பக்கம், மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால்
நாற்பது மீட்டர் கம்பம் நட்டு
உரிமமில்லாமல் வானொலி.
விடிய விடியக் காதல் பாட்டு,
பிறந்தநாள் வாழ்த்து,
காணாமல் போன கன்றுக்குட்டியின் அடையாளம்.
மூன்று முறை அபராதம்; மூன்றையும் ஊரே கட்டியது.
"கடைசியா பிடிச்ச ஆபீசர்
போறப்ப ஒரு பாட்டு கேட்டாராம்!"
சிரித்தேன்.
சிரிப்பு நன்றாகத்தான் வந்தது.

ஜன்னலுக்கு வெளியே டிராம் நிறுத்தம்.
தெருவுக்கு ஒரு பழைய கப்பல் தலைவனின் பெயர்.
அவனும் பிறர் கப்பலில் ஏறி வெள்ளி இறக்கியவன்தான்.
சட்டைப்பையில் அரசாங்கக் கடிதம் இருந்தது.
நீலப் பலகை, வெள்ளை எழுத்து,
மேலே புறா எச்சம்.

நான்கரை ஆண்டு என்றார்கள். சொன்னேன்.
தலையசைத்தான்.
அழைத்துப் போகையில் நின்று,
யாருக்கும் புரியாது என்பதால் உரக்கவே கேட்டான்:
"காலையிலிருந்து கடல் வெண்ணெய், கடல் வெண்ணெய் என்கிறாயே அக்கா,
நான் அவ்வளவு சீக்கிரமா உருகிவிட்டேன்?"

நீதிபதி பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.
என்ன சொல்கிறான்?

ஒலிவாங்கியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.