இணைப்பு மூன்று

ஆபீசர்ஸ் லைன், இரண்டாவது மாடி.
மின்விசிறியைக் கூட்டினால் ரசீதுகள் பறக்கும்,
குறைத்தால் நாங்கள் வேகிறோம்.
இரும்பு அலமாரியில் ஒரே தட்டில்
மேல்விஷாரத்து மதரஸா,
காட்பாடி அன்னதான அறக்கட்டளை,
ராணிப்பேட்டை சீயோன்மேட்டு ஜெப ஐக்கியம்.
மூன்று கோப்புக்கும் ஒரே பச்சை நாடா.
கடவுள்கள் யாருக்கும் வரி கிடையாது;
மார்ச் முடிந்தால் ஆளுக்கொரு பையில்
கணக்கைக் கட்டிக்கொண்டு இங்கேதான் வரவேண்டும்.

சீயோன்மேட்டுக்கு வருமான வரிக் கடிதம் வந்திருக்கிறது.
யாரோ மொட்டைப் பெட்டிஷன்.
தேர்தலுக்கு முந்தின ஞாயிறு
ஆராதனையில் அரசியல் பேசப்பட்டதா,
நோக்கங்களுக்குப் புறம்பாக ஏதும் நடந்ததா,
விலக்கை ஏன் ரத்து செய்யக்கூடாது,
பதினைந்து நாள்.
தேசிங்குராஜன் சார் கண்ணாடியைத் துடைத்தார்.
"பிரசங்கம் முழுசையும் டைப் அடிச்சிடு, தஹ்சீன்.
இணைப்பு மூணுன்னு போடு."

நாற்பத்தொரு நிமிடம். யாரோ மொபைலில் எடுத்தது.
வாழ்க்கையில் நான் முழுதாகக் கேட்ட முதல் பிரசங்கம்
சம்பளத்துக்குக் கேட்டது.
ஆயர் ஞானாபரணத்துக்கு இளைப்பு;
வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்குகிறார்.
அங்கே காற்புள்ளி வைக்கலாமா, தெரியவில்லை.
நதி சிவந்த பழைய கதை.
பன்னிரண்டாம் நிமிடத்தில் அது நைல்.
பதினேழில் பாலாறு ஆகிவிட்டிருக்கிறது.
எந்தச் சொல்லில் ஆனது என்று
திருப்பித் திருப்பி ஓட்டியும் பிடிபடவில்லை.
குடத்தில் பிடித்து வைத்தால்
விளிம்பில் மஞ்சள் வளையம் என்கிறார்.
தோல் ஷெட்டில் பாதம் வெடித்தவர்களை
ஜெபக் குறிப்பு மாதிரி வாசிக்கிறார்:
சுகிர்தம், பிச்சாண்டி, பிச்சாண்டியின் மருமகள்.

சார் எட்டிப் பார்த்துச் சொன்னார்:
"தண்ணி கெட்டுப்போச்சுன்னு ஜனவரில சொன்னா ஜெபம்.
ஏப்ரல்ல சொன்னா பிரச்சாரம்."

முன் பெஞ்சில் வேட்பாளர் உட்கார்ந்திருந்தாராம்.
காணிக்கை கவர் தடிமன்.
ரசீது எண் இருநூற்றுப் பன்னிரண்டு,
என் கையால்தான் பதிந்தேன்.

இருபத்தொன்பதாம் நிமிடம்.
"கழிவுக் குழாயை ராத்திரியில் திறந்துவிட்டது யார் என்று
இந்தச் சபைக்குத் தெரியும். அது..."
நிற்கிறார்.
ஒரு குழந்தை சிணுங்குகிறது. வெளியே வாலாஜா பஸ்ஸின் ஹாரன்.
பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்:
"பேரச் சொல்லு ஐயரே, இன்னாத்துக்கு பயம்?"
அப்புறமும் ஒன்றுமில்லை.
அப்புறம், "ஜெபிப்போம்."

சிவப்புப் பேனா அந்தப் பெண்ணை அடித்தது.
"அவங்க ட்ரஸ்டி இல்ல. சபையோட கருத்தா ஆகாது."
மூன்று புள்ளிகளையும் அடித்தது.
"புள்ளி வெச்சா எதையோ மறைக்கிறாப்பல இருக்கும்."
அடைப்புக்குறிக்குள் நான் போட்டிருந்த
'ஏழு நொடி மௌனம்' கிட்டே வந்து
பேனா தயங்கிற்று.
"இது இருக்கட்டும். நம்ம கட்சிக்கு
இது ஒண்ணுதான் சாட்சி."

எங்கள் தெருப் பள்ளியில்
போன வெள்ளிக்கிழமை மைக் இப்படி ஒருதரம் நின்றது.
அத்தா வீட்டுக்கு வந்து ஏதும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

ஆயர் கையெழுத்துப் போட வந்தார்.
படியேறிய மூச்சு அடங்கும்வரை
கேன் தண்ணீரை டம்ளரில் பார்த்துக்கொண்டிருந்தார்.
பக்கம் பக்கமாகச் சுருக்கொப்பம்.
ஒன்பதாம் பக்கத்தில் விரல் நின்றது.
"அந்தம்மா எங்கே?"
சார் செல்போனில் யாருடனோ பேசப் போய்விட்டார்.
நான் ஸ்டாப்ளரைத் தேடினேன்.

விரல் கீழே இறங்கி
அடைப்புக்குறி மேல் வந்தது.
"ஏழு நொடிதானா?" என்றார்.
"கணக்குப் பார்த்தேன் ஐயா. ரெண்டு தடவை."
"இல்லம்மா," என்றார்,
பேனா மூடியைக் கழற்றாமலே,
"ரொம்ப நேரம் ஆச்சு எனக்கு."