மறுமுறை நிகழவில்லை

இதுவரை இருநூற்றுப் பதினான்கு முறை
என்னைக் கொன்றிருக்கிறான் தெரோமக்கோஸ்.
ஈட்டியால், கேடயத்தின் விளிம்பால்,
ஒருமுறை வெறும் முழங்காலால்.
சாவது என் வேலை.
மாதம் முப்பத்தோராயிரம், பிடித்தம் போக.

கோரமங்களா, நான்காவது மாடி, இரவு ஷிப்ட்.
திரையில் ஏஜியன் கடல். ஜன்னலில்
பாலம் வராத பாலத்தூண்கள்.
அவனுக்கு ஒரு கறுப்புக் கோட்டை,
கன்னத்தில் தழும்பு, பேச நான்கே வசனம்.
நான்கிலும் பழி இருக்கிறது.
யாருக்காக என்பது ஒன்றிலும் இல்லை.

நம் பழைய அரசர்கள் வஞ்சினம் கூறினால்
தோற்றால் எனக்கு இன்னது ஆகட்டும் என்று
தண்டனையையும் தாங்களே சொல்லிக்கொண்டார்கள்.
இவன் உறுமுகிறான், அவ்வளவுதான்.
எழுத்தாளரை மார்ச்சிலேயே
வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எனக்கும் ஒரு வஞ்சினம் உண்டு.
ஈஜிபுரா வீட்டுக்காரர் ரேவணசித்தப்பா
பத்து மாத அட்வான்ஸில் இரண்டு மாதத்தை
பெயின்ட் செலவு என்று எடுத்துக்கொண்டார்.
ஆணிகூட அடிக்காத சுவர்.
அந்தத் தெருவில் இன்றும்
எதிர்ப்பக்கமாகத்தான் நடக்கிறேன்.
என் படையெடுப்பு அதுதான்.

செவ்வாய் இரவு இரண்டரை மணி.
அவன் உயிர்க்கோடு சிவந்து நூலாகியிருந்தது.
என்னுடையதும்.
ஓங்கிய ஈட்டி இறங்கவில்லை.
திரும்பினான்.
என்னை விட்டு, சண்டையை விட்டு,
அரங்கின் வடகிழக்கு மூலைக்குப் போய்த்
தரையைப் பார்த்து நின்றான்.
பின்னாலிருந்து வெட்டினேன்.
புறப்புண். எந்த மன்னனும் நாணிச் சாகிற இடம்.
இவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிரஜ்வல் எட்டிப் பார்த்தான்.
'பாத்ஃபைண்டிங்ல ஏதோ. டிக்கெட் போட்டுடு.'
டீ குடிக்கப் போய்விட்டான்.

சுவருக்குள் நுழையும் காமிராவை எடுத்துக்கொண்டு
தரைக்குக் கீழே இறங்கினேன்.
கீழே வானம்தான் இருக்கிறது,
யாரும் பார்க்கமாட்டார்கள் என்று
அப்படியே விட்ட நீலம்.
அதில் இரண்டு கைகளையும்
பக்கவாட்டில் நீட்டியபடி
ஒரு பையன் மிதந்துகொண்டிருந்தான்.
தோல் போர்த்தப்படாத சாம்பல் உடம்பு.
கண்ணிருக்கும் இடத்தில் வழவழப்பு.
எட்டு வயது உயரம்.
மகன், பழையது, நீக்கவும் என்று
கோப்புக்குப் பெயர்.

மறந்துவிட்டார்கள்.
அளவு குறையட்டும் என்று கதையை வெட்டியவர்கள்
சாகும் தறுவாயில் தகப்பன் கண்ணை
மகன் பக்கம் திருப்பும் ஒற்றை வரியை
வெட்ட மறந்துவிட்டார்கள்.
மேலே நின்று அவன் பார்ப்பது கல்தளத்தை.
நடுகல் நடலாமென்றால்
அங்கே தரையே ஒரு படம்.

மறுபடி மூன்று முறை ஆடினேன்.
மூன்று முறையும் போனான், நின்றான்.
மூன்றாவது முறை நான் வெட்டவில்லை.
கன்ட்ரோலரைக் கீழே வைத்து
ஆறிப்போன சமோசாவைத் தின்றேன்.
அலைச் சத்தம் மட்டும்
பதினொரு நொடிக்கொருமுறை
முதலிலிருந்து தொடங்கிக்கொண்டிருந்தது.

நான் எழுதினால் காலைக்குள் பையன் இருக்கமாட்டான்.
தெரோமக்கோஸ் ஒழுங்காகக் கடைசிவரை கொல்வான்,
ஒழுங்காகச் சாவான்.
விளையாடுகிற எல்லாரும்
'என்ன வெறியன்டா' என்பார்கள்.

பிழை எண் 4417.
கண்டவர்: செண்பகம்.
பாதிப்பு: இல்லை.
நிலை: மறுமுறை நிகழவில்லை.
மூடு.

ஆறு மணிக்குக் கேப்
ஈஜிபுரா வழியாகத் திரும்பியது.
வாசலில் ஹோஸைப் பிடித்து
காரைக் கழுவிக்கொண்டிருந்தார் ரேவணசித்தப்பா.
பனியன் தோளில் கிழிந்திருந்தது.
கண்ணாடியை இறக்கி நன்றாகப் பார்த்தேன்.
மன்னிக்கவில்லை.
பதினெட்டாயிரம்.
என் பழிக்குக் காரணம் இருக்கிறது,
ரசீதும்.