உப்புக் கணக்கு

ரோஸ்விதா நோவாக்கின் கம்பெனிக்குப்
பதினோரு வருஷம் கணக்கு எழுதியவன் நான்.
பேரேட்டில் ஏறாதவை இவை.

டிரெஸ்டனில் அரசாங்க ஆலையை மூடிய வாரம்
எல்லோருக்கும் ஒரே அச்சில் கடிதம் வந்தது.
அவள் அதன் பின்பக்கத்தில்
உலையின் அளவுகளைக் குறித்துக்கொண்டாள்.
ஏலத்தில் பழைய இரும்பு விலைக்கு எடுத்தாள்.
ராடெபர்க்கில் பூட்டிக் கிடந்த ஒரு ரொட்டிக்கடையில்
சுவரை இடித்து இறக்கினோம்:
கெர்னோட், நான், அவள்,
அவள் புருஷன் பேரில் வாங்கிய கடன்.

"ரொட்டிக்கும் உலை, இதற்கும் உலை" என்றார் வங்கிக்காரர்.
அவள் சிரிக்கவில்லை.
"ரொட்டியில் உப்பு சேரலாம்" என்றாள்.
அவருக்குப் புரியவில்லை, எனக்கும்தான்.

டயருக்குள் உட்கார்ந்து காற்றழுத்தம் சொல்லும் சில்லு.
தட்டு ஒன்றில் நானூற்றுப் பன்னிரண்டு.
அதில் எத்தனை உயிரோடு வருகிறதோ
அதற்கு விளைச்சல் என்று பெயர்,
ஏதோ வயல் வைத்திருப்பவர்கள் போல.
எங்கள் ஜெர்மனில் அந்தச் சொல்லைப் பிட்டால்
உள்ளே கொள்ளை என்ற சொல் கிடக்கும்.

முதல் கோடையில் முந்நூறு.
இலை உதிர்கையில் முந்நூற்று நாற்பது.
ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஆர்டர் வந்த அன்று
வாங்கிய மதுவின் ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது.
ஜனவரியில்
ஒன்பது.

தட்டுத் தட்டாகப் பதர்.
வாயுவை மாற்றினாள், அமிலத்தை மாற்றினாள்,
தண்ணீரை மூன்று முறை வடித்தாள்.
கெர்னோட் மேல் குவளையை எறிந்தாள்.
புருஷன் சூப்பைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவான்,
அது உறைந்து கிடக்கும்.

ஒரு விடியலில்
மிதியடியில் விரலைத் தேய்த்து
நாக்கில் வைத்துப் பார்த்தாள்.
நான் பார்த்ததை அவள் பார்க்கவில்லை.

பனி உருக நகராட்சி கொட்டுகிற உப்பு.
எங்கள் பூட்ஸில் ஏறி, படி கடந்து,
மயிரிழையைக் காட்டிலும் ஆயிரம் மடங்கு மெல்லிய
கண்ணாடிப் படலத்துக்குள் புகுந்து
அணு அணுவாய் அலைந்துகொண்டிருந்தது.
தின்ற உப்பை மறக்கக் கூடாது என்பார்கள்.
மறக்காதது உப்புதான்.

அன்றைக்கே கதவில் அறிவிப்பு ஒட்டினாள்.
பூட்ஸ் வெளியே. வியர்த்தவர்கள் குளித்துவிட்டு.
அழுதவர்கள் ஒரு மணி நேரம் கழித்து.
மூன்றாவது வரிக்கு எல்லோரும் சிரித்தோம்.
மார்ச்சில் முந்நூற்று எழுபது.

கெர்னோட் வரைபடங்களோடு மியூனிக் போனது,
வழக்கு, வக்கீல் செலவு
எல்லாம் பேரேட்டில் இருக்கிறது, சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாயிரத்தொன்று, நவம்பர்.
ஆர்டர்கள் நின்றன.
முப்பத்தெட்டுப் பேரை முற்றத்து எலுமிச்சையிலை நிற மழையங்கியோடு நின்று
ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அனுப்பினாள்.
பட்டியல் நான் தட்டச்சு செய்தது.
அவள் அழுதாளா, தெரியாது.
கடைசி ஆள் போனபின்
உள்ளே உலை காத்திருக்க,
கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி
கதவுக்கு வெளியே
சரியாக ஒரு மணி நேரம் நின்றாள்.

அடுத்த வருஷம் ஓசாகாக்காரர்கள் வாங்கினார்கள்.
என் நான்கு சதவீதத்தை அதற்கு முன்பே
கூரை மாற்ற விற்றிருந்தேன்.
ஒரு சொல் கேட்டதில்லை அவள்.
கூரை ஒழுகுவதுமில்லை.

போன குளிரில் பாவுட்சன் சாலையில்
அவள் ஓட்ட, நான் பக்கத்தில்.
டயர் விளக்கு எரிந்தது.
இறங்கி, குனிந்து, நான்கு சக்கரத்தையும் உதைத்தாள்.
காற்று சரியாக இருந்தது.
"யாருடைய சில்லு இது?" என்றேன்.
பதில் இல்லை.
ஏறும் முன் பூட்ஸை
இடது, வலது,
பிறகு மறுபடியும் இடது
கதவோரத்தில் தட்டினாள்.